அலைவழி வந்தவர்கள் - 11: கொழும்பிலிருந்து ஒரு கோமாளிக் கச்சேரி

தாராசுரம் ஐராவதேசுவரர் ஆலயத்து நந்தியின் அருகே உள்ள பலிபீடத்தின் படிகளைத் தட்டினால் அவற்றினின்று ஸ்வரங்கள் எழும் என்பது இப்பிரதேசத்தில் சிறு குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம். இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பிகள் கருங்கல்லுக்கும் நாதம் உண்டென்று நிரூபித்துவிட்டுப் போன அந்தப் படிகள் இன்று கம்பி வேலிக்குள் பத்திரமாக இருக்கின்றன. இத்தகைய ஊரில், அரசலாற்றங்கரையின் இந்த மருங்கில், தியாகையரும் தீட்சிதரும் நடமாடிய ஜில்லாவின் நடுவில், 1950-களில் தொடங்கி ஒரு முப்பது வருஷ காலம் ஜனங்கள் காலையிலும் மாலையிலும் ஆவலோடு செவிசாய்த்தது திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்துக்கு மட்டுமல்ல என்று சொன்னால், சங்கீத அபிமானிகள் சற்று முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் வரலாறு எழுத வந்தவன் முகச்சுளிப்புக்கு அஞ்சி உண்மையை மறைக்கலாகாது. கேட்டது கொழும்பு. அந்தக் கொழும்பு வழியே நம் வயல்வெளிக்குள் வந்து புகுந்த கூபா, மெக்ஸிகோ, போர்த்துகல் நாட்டுத் தாளங்களையும், அவற்றோடு கைகோத்து வந்த ஹாஸ்யக் குரல்களையும் பற்றியதே இந்த அத்தியாயம்.

1939-ஆம் வருஷம் மே மாதத்தில் தொடங்கிய திருச்சி நிலையத்தின் ஆரம்ப காலத்தைச் சென்ற அத்தியாயங்களில் விஸ்தாரமாகவே பார்த்தோம். அந்த நிலையம் காவிரிக்கரை வித்வான்களுக்குச் செய்த உபகாரம் மறக்கத்தக்கதன்று. ஆனால் 1952-இல் தில்லியில் செய்தி ஒலிபரப்பு இலாகாவின் மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தின் மீதிருந்த பக்தி மேலீட்டால், சினிமாப் பாட்டைத் தேசத்தின் செவியைக் கெடுக்க வந்த வியாதியாகவே கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த நேரத்தைக் குறுக்கிக்கொண்டே போனார். படத்தின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும், அதனால் படத் தயாரிப்பாளர்களுக்கு மூண்ட கோபமும் சேர்ந்து, சில காலத்துக்குள் நம் நிலையங்களில் சினிமா சங்கீதம் ஏறக்குறைய ஓய்ந்தே போயிற்று. ஹார்மோனியத்துக்கு முன்பே இருந்த தடையும் அப்படியே நீடித்தது. நல்லெண்ணத்தால் செய்யப்படும் காரியங்கள் யாருக்கு லாபமாக முடியும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. கேஸ்கரின் காரியம் லாபமாக முடிந்தது இலங்கைக்கு.

கொழும்பில் 1925-லேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து கழற்றிய உறுப்புகளைக்கொண்டு முதல் கருவியை உருவாக்கினார் என்பது பிரசித்தமான கதை. எனினும் நமக்கு முக்கியமானது இரண்டாம் உலக யுத்தத்தின் மிச்சம். மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியச் சேனைத் தலைமையகம், பர்மா முதல் மலாய் வரையில் சிதறிக் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் அனுப்ப வேண்டி, கொழும்புக்கு வடக்கே ஏக்கலை என்னுமிடத்தில் 100 கிலோவாட் சக்தியுள்ள சிற்றலைக் கருவியொன்றை நிறுவியது. யுத்தம் முடிந்தது, சேனை கலைந்தது, கருவி மட்டும் நின்றது. 1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. மறுவருஷமே ‘ரேடியோ சிலோன்’ தன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த கிளிஃபர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர் அதற்கு அதிபதியானார். பர்மாக் காட்டிலிருந்த சிப்பாய்க்கென்று செய்த யந்திரம், கும்பகோணத்துக் காபி கிளப்பிலும் தாராசுரத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுக் கூடத்திலும் டி. எம். சௌந்தரராஜனைப் பாட வைத்தது.

அக்காலத்து ரேடியோப் பெட்டியை இக்காலத்துப் பிள்ளைகள் கண்டதில்லையாதலால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மர்ஃபி, பிலிப்ஸ் என்ற பெயர் தாங்கிய மரப்பெட்டி. உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடேறிக் கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். மாடியில் இரண்டு மூங்கில்களுக்கிடையே ஏரியல் கட்ட வேண்டும். வருஷந்தோறும் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் செலுத்த வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் சிற்றலையில் வரும் குரல் ஒரு நிமிஷம் செவியருகிலும் மறு நிமிஷம் பாதாளத்திலுமாக ஏறியிறங்கும். தஞ்சை ஜில்லாவின் கடற்கரைப் பக்கத்தாருக்கு மட்டும் ஒரு சௌகரியம் உண்டு. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இருப்பது சிறு நீரிணையே ஆகையால், வேதாரணியத்தாருக்குச் சென்னையைக் காட்டிலும் இலங்கையே அண்டை வீடு. பெட்டி இல்லாத வீட்டாருக்குப் பஞ்சாயத்துக் கட்டடத்து ரேடியோ இருந்தது. அதில் எந்த நிலையத்தை வைப்பது என்பதில் வயலுக்குப் போகிற பெரியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இருந்த அபிப்பிராய பேதத்தை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் முதல் நட்சத்திரம் எஸ். பி. மயில்வாகனன். அறிவிப்பாளன் என்பவன் இரண்டு இசைத்தட்டுகளுக்கு நடுவில் வந்து போகும் பெயர்ப்பலகை அல்லன், அவனும் நிகழ்ச்சியின் ஒரு பாத்திரமே என்று தமிழ்ச் செவிகளுக்கு முதன்முதலில் உணர்த்தியவர் அவர். ‘பொங்கும் பூம்புனல்’, ‘நேயர் விருப்பம்’, ‘பிறந்தநாள் வாழ்த்து’, ‘இசையும் கதையும்’ என்று அந்த நிலையத்து நிகழ்ச்சிகளின் பெயர்களை இன்று எழுபது வயதைக் கடந்தவரிடம் சொல்லிப் பாருங்கள். பதிலுக்கு அவர் ஒரு மணி நேரம் பேசுவார். நம் மந்திரி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்குவதற்குள் ரசிகர்களின் பழக்கம் வேரூன்றிவிட்டது.

இனி, தாளத்தின் கதைக்கு வருவோம். அதற்கு ஒரு பூர்வ பீடிகை அவசியம்.

அந்நிய மெட்டு நம் தேசத்துக்குப் புதிதன்று. சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சை அரண்மனையில் மேனாட்டுப் பாண்டு வாத்தியம் முழங்கிற்று. முத்துசுவாமி தீட்சிதர் கும்பினிப் பட்டாளத்துப் பாண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்து நோட்டுஸ்வரங்கள் செய்தார். அவருடைய சகோதரர் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குள் ஸ்திரமாக அமர்த்தினர். இவையெல்லாம் மேதைகளின் காரியங்கள். அரண்மனையிலும் சந்நிதியிலும் நடந்தவை. சாமானிய ஜனங்களிடத்தில் நடந்தது வேறு. அங்கே அந்நிய மெட்டு பெரும்பாலும் கோமாளியின் நாவில் ஏறித்தான் ஊருக்குள் வந்திருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த வழியில் நடந்த ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட்டு கல்யாணியும் காம்போதியும் பாடிக்கொண்டிருக்க, பார்சி மெட்டையும் இங்கிலீஷ் நோட்டையும் துணிந்து பாடி ஆடியவன் பபூன். அவன் பாடினால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. கோமாளிதானே, பாடிவிட்டுப் போகட்டும் என்று பெரியவர்களும் சிரித்துவிடுவார்கள். சிரித்தபின் அந்த மெட்டு அவர்கள் காதிலேயே தங்கிவிடும். அடுத்த தலைமுறையில் அது கதாநாயகனின் பாட்டு.

இந்த விதிக்குச் சினிமாவில் உத்தம உதாரணம் ஜே. பி. சந்திரபாபு. தூத்துக்குடியில் 1927-இல், ரோட்ரிகஸ் என்ற போர்த்துகீசியப் பெயர் தாங்கிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் கொழும்பில் வளர்ந்து படித்தவர். அங்கே அவர் காதில் விழுந்த மேனாட்டு நடன சங்கீதத்தைச் சென்னைக்கு வந்து ஹாஸ்ய நடிகராகக் கொட்டித் தீர்த்தார். தொண்டையை உடைத்துப் பாடும் யோடலிங் வித்தையைத் தமிழர் அவர் வாயிலேதான் முதலில் பரவலாகக் கேட்டனர். கோமாளி இவ்விதம் பாதையைச் செப்பனிட்ட பிறகே, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையர் லத்தீன் அமெரிக்கத் தாளங்களைக் காதல் பாட்டுக்குள்ளும் கொண்டுவந்தனர். இவருள் டி. கே. ராமமூர்த்தி திருச்சிராப்பள்ளிக்காரர், பிடில் வித்வான். 1964-இல் வெளிவந்த ‘புதிய பறவை’ படத்தின் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ என்ற பாட்டைக் கேட்பவர், 1953-இல் மெக்ஸிகோவில் பாப்லோ பெல்ட்ரான் ரூயிஸ் வெளியிட்டு, பிறகு ‘ஸ்வே’ என்ற பெயரில் டீன் மார்ட்டின் பாடிப் பிரசித்தமாக்கிய மாம்போப் பாட்டின் சாயலை அதில் உணரலாம் என்பது ரசிகர் பலரும் சொல்லிவருவதே. சாயல் வேறு, நகல் வேறு. தமிழ்ப் பாட்டின் சோகமும் பி. சுசீலாவின் பாவமும் மெக்ஸிகோவில் கிடைப்பவை அல்ல.

உலகெங்கும் அக்காலத்தில் அந்தத் தாளங்களுக்கு வாகனமாக இருந்தது வானொலியே. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் சீகோ செஸ்மா என்ற டிராம்போன் வாத்தியக்காரர் 1949-இல் ஒலிபரப்பாளராக மாறி, இங்கிலீஷும் ஸ்பானிஷும் கலந்து பேசி, மாம்போவையும் சா-சா-சாவையும் அந்த வட்டாரத்தில் பரப்பிக்கொண்டிருந்தார். அதே வருஷங்களில் கொழும்பிலும் ஏறத்தாழ அதே வேலை நடந்தது. ஆனால் கொழும்புக்கு லத்தீன் தாளம் இசைத்தட்டில் வந்த புது விருந்தாளி மட்டுமன்று. 16-ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கக் காப்பிரிகளும் விட்டுச்சென்ற ஆட்டத் தாளம், பறங்கியர் வீட்டு விசேஷங்களில் நூற்றாண்டுகளாக உயிரோடு இருந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரராயிருந்த வாலி பாஸ்டியன் 1940-களில் அந்தத் தாளத்துக்குச் சிங்கள வார்த்தைகள் போட்டுப் பாடி, பைலா என்ற வகையை நாடறியச் செய்தார். அதே போர்த்துகீசியர் நம் நாகப்பட்டினத்திலும் 1658-இல் டச்சுக்காரர் வந்து பிடுங்கும்வரை இருந்தார்கள். நமக்கு அவர்கள் ஆட்டத்தில் ஒரு அடிகூட விட்டுப்போகவில்லை. அடுத்த கரையில் விட்டுப்போனதை நாம் ரேடியோ மூலம் பெற்றுக்கொண்டோம்.

பைலா ஒரு புறம் இருக்க, 1960-களில் கிதாரும் போங்கோவும் மராக்காஸும் ஏந்திய வாலிபர் கோஷ்டிகள் கொழும்பில் கிளம்பின. அவற்றின் பெயர்களைப் பாருங்கள்: நெவில் பெர்னாண்டோவின் லாஸ் காபலேரோஸ், நோயல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ், லா பாம்பாஸ். ஸ்பெயின் தேசத்தை வரைபடத்தில் மாத்திரமே கண்டிருக்கக்கூடிய பிள்ளைகள் சிங்களத்தில் பாடிக்கொண்டு ஸ்பானிஷ் பெயர் சூட்டிக்கொண்டதைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் கரீபியன் தீவுகளின் கலிப்ஸோவும் லத்தீன் தாளமும் சிங்கள மொழியின் ஓசைக்கு இயல்பாக ஒட்டிக்கொண்டன என்பதைக் கேட்டவர் அறிவர். 1960-களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன, ஆன்னெஸ்லி மாலேவன முதலியோரின் ‘மூன்ஸ்டோன்ஸ்’ கோஷ்டி மின்சாரக் கிதாரோடு வந்தபோது அவர்களை வானொலியில் ஏற்றிப் புகழ்பெறச் செய்தவர் விஜய கொரயா என்ற அறிவிப்பாளர். அறிவிப்பாளன் பாட்டை அறிவிப்பவன் மட்டுமன்றிப் பாடகனைக் கண்டெடுப்பவனும் ஆனது இப்படித்தான்.

இந்தக் காற்று தமிழ்ப் பிரிவுக்குள் வீசத் தாமதமாகவில்லை. நித்தி கனகரத்தினம், ஏ. இ. மனோகரன் முதலியோர் பைலாத் தாளத்தில் தமிழ்ப் பாட்டுக் கட்டினர். ‘பொப் இசை’ என்று இலங்கையில் அதற்குப் பெயர். விஷயமோ கள்ளுக்கடை, மாமி, மீன் விற்பவள் என்று ஊர்ப் பேச்சில் உள்ளது. தொனி முழுவதும் ஹாஸ்யம். மேலே சொன்ன விதியை மீண்டும் கவனியுங்கள்: இங்கும் அந்நிய மெட்டு சிரிப்பின் தோளிலேறித்தான் வருகிறது. மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழும் சிங்களமும் கலந்து இரு கரையையும் ஒரே சமயத்தில் ஆட்டிவைத்தது. 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டார். பட்டிதொட்டியெங்கும், மார்கழி பஜனைக்குப் போய்வந்த வாயாலேயே பிள்ளைகள் அதைப் பாடித் திரிந்தார்கள். பைலாவின் ஆறெழுத்துத் துள்ளல் நம் நையாண்டி மேளத்துத் திஸ்ர நடைக்கு அத்தனை தூரத்து உறவன்று என்பது என் அபிப்பிராயம். ஜனங்கள் அதை அந்நியமாகக் கருதாததற்கு அது ஒரு காரணமாயிருக்கலாம்.

இப்போது, பாட்டையும் ஹாஸ்யக் குரலையும் ஒரே தொண்டையில் வைத்திருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி. எச். அப்துல் ஹமீத் என்றால் இன்று பெரும்பாலோர்க்குத் தொலைக்காட்சியின் ‘பாட்டுக்குப் பாட்டு’ நினைவுக்கு வரும். ஒரு பாட்டின் ஈற்றெழுத்தைப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடுக்கும் அந்த விளையாட்டை இலங்கை வானொலியிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து திரைக்கும் கொண்டுபோனவர் அவர். உச்சரிப்பில் லகர ழகர பேதம் பிசகாத சுத்தம். எழுத்துக்கெழுத்து பிரித்து நிறுத்தி, அதே சமயம் சம்பாஷணைபோல ஒழுகும் நடை. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தமிழாசிரியர்கள் ‘இலங்கை வானொலியைக் கேட்டுப் பேசிப் பழகு’ என்று மாணாக்கருக்குப் புத்திமதி சொன்ன காலம் ஒன்று இருந்தது என்பதை இத்தருணத்தில் நினைவூட்டலாம். இவ்வளவு சுத்தமான நாவுக்கு உரியவர் ஒரு ஹாஸ்ய நாடகத்தில் கொச்சைத் தமிழ் பேசிச் சிரிக்க வைத்தார் என்பதுதான் ரசமான சங்கதி.

‘கோமாளிகள் கும்மாளம்’ என்ற அந்த வானொலித் தொடரை எழுதியவர் எஸ். ராம்தாஸ். பாத்திரங்கள் நால்வர், நால்வருக்கும் நான்கு தமிழ். ராம்தாஸ் மரிக்காராக வந்து இலங்கை முஸ்லிம்களின் தமிழ் பேசினார். டி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலி என்ற சிங்களவராக, சிங்கள வாடை வீசும் உடைந்த தமிழ் பேசினார். அப்துல் ஹமீத்? அவர் ஐயர். அதாவது ராம்தாஸ் மரிக்காரானார், ஹமீத் ஐயரானார். முகத்தையும் குடுமியையும் தொப்பியையும் காட்ட முடியாத வானொலியில், நான்கு பேர் ஒரே அறையில் பேசும்போது யார் பேசுகிறார் என்பதை முதல் வார்த்தையிலேயே கேட்பவன் அறிந்தாக வேண்டும். அதற்கு வேஷமெல்லாம் நாக்கிலேயே கட்ட வேண்டும். பேச்சு வழக்கையே முகமூடியாக்கிய அந்த உபாயம் கலைக்குக் கலை, சிக்கனத்துக்குச் சிக்கனம்.

காவிரிக்கரை அக்கிரகாரங்களில் புழங்கிய பேச்சைக் கொழும்பில் வளர்ந்த ஒரு முஸ்லிம் வாலிபர் பேசிக்காட்டினார் என்பதை எண்ணிப் பார்க்கையில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. கும்பகோணம் பக்கத்துக் கிழவர் ஒருவர் கேட்டிருந்தால் இன்ன சொல்லில் இன்ன பிசகு என்று குற்றம் கண்டிருப்பார். ஆனாலும் விடாமல் கேட்டிருப்பார். பரிகாசம் எல்லை கடந்தால் அவமதிப்பாகிவிடும் அபாயம் இவ்வகை நாடகங்களுக்கு எப்போதும் உண்டு. உபாலியின் தமிழுக்குச் சிரித்த எல்லோருமே நட்பினால் சிரித்தார்கள் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆயினும் அதில் நான்கு கோமாளிகளும் சரிசமம். நடுவில் நின்று சுத்தத் தமிழ் பேசி மற்றவரைத் திருத்தும் புத்திசாலி ஒருவனை ராம்தாஸ் வைக்கவில்லை. அந்த ஒரு காரணத்தாலேயே அந்நாடகத்தை நான் உயர்ந்ததாக மதிக்கிறேன். 1976-இல் ‘கோமாளிகள்’ என்ற பெயரில் அது திரைப்படமாகவும் வந்தது. காதால் கேட்ட முகங்களைக் கண்ணால் பார்க்க ஜனங்கள் கொட்டகைக்குச் சென்றனர்.

இதே தலைமுறையில் கே. எஸ். பாலச்சந்திரன் ‘அண்ணை ரைட்’ என்ற தனிநடிப்பில் பஸ் கண்டக்டர் ஒருவரின் ஒரு நாள் பாட்டை ஒற்றை ஆளாய்ப் பேசிக்காட்டினார். கே. எஸ். ராஜாவோ நாடகத்துக்கே போகாமல், அறிவிப்பையே நாடகமாக்கினார். மூச்சு விடாத அவருடைய வேகப் பேச்சைத் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் போலிசெய்யாத மாணவன் இல்லை. படத்துக்கு அவர் செய்த விளம்பரம் சில சமயம் படத்தைவிட ரஸமாக இருந்தது. 1994-இல் அவர் கொழும்பில் கொலையுண்டார். அதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன், 1983 ஜூலையில், அந்நகரத்துத் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோதே, அப்புக்குட்டியும் உபாலியும் ஒரே அறையில் அமர்ந்து ஒருவரையொருவர் பரிகசிக்கும் உலகம் முடிந்துவிட்டது. கலைஞர் பலர் கடல் கடந்தனர். மனோகரன் சென்னைவாசியாகித் திரைப்படங்களில் நடித்து, 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார்.

ஹமீதின் காதும் நாக்கும் மட்டும் இன்னொரு காரியத்துக்கு உதவின. 2000-ஆம் வருஷம் வெளிவந்த ‘தெனாலி’யில் கமலஹாசன் பேசிய யாழ்ப்பாணத் தமிழுக்குப் பயிற்சி தந்து துணைநின்றவர் அவரே. இக்கரை அக்கிரகாரத்துத் தமிழை அக்கரையில் பேசிக்காட்டியவர், அக்கரைத் தமிழை இக்கரை நடிகருக்குப் பழக்கிக் கொடுத்தார். அதுவும் ஹாஸ்யப் படமே என்பதை வாசகர் கவனித்திருப்பர்.

விவித பாரதியும், சென்னையில் 1975-இல் வந்த தொலைக்காட்சியும், டிரான்சிஸ்டரோடு வந்த டேப் ரிக்கார்டரும் சேர்ந்து கொழும்பின் பிடியைத் தளர்த்தின. ஆனால் 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியவுடன், தஞ்சை ஜில்லாவின் வீட்டு மாடிகளில் தென்கிழக்கு நோக்கி நீண்ட கம்பங்களில் ஆன்டெனாக்கள் முளைத்தன. மொழி புரியாமலே மணிக்கணக்கில் அதைப் பார்த்த நம் ஜனங்களின் கதையை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.